எழுந்து போக முடியாத இடம்

ஜனவரி 2

இந்த வருஷம் டைரி யாரும் கொடுக்கவில்லை. போன வருஷம் வரை டிசம்பர் கடைசியில் காண்டிராக்டர்கள் வரிசையாக வந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டாதவற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். இப்போது ரிடையர் ஆகிவிட்டேன். நேரு வீதிக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினேன். அட்டை மட்டம்.

முதல் பக்கத்தில் பெயர், பதவி எழுத இடம் விட்டிருக்கிறான். தணிகாசலம், உதவிப் பொறியாளர், மின்துறை என்று எழுதிவிட்டுப் பிறகு 'ஓய்வு' என்று சேர்த்தேன். அவசரத்துக்கு யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் மனைவி குமுதவல்லி பெயரைப் போட்டேன். மகள் பெயரைப் போடவில்லை.

டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "கோபம் வந்தா எழுதி வைங்க சார், யார் மேலயும் காட்டாதீங்க" என்றார். மற்றவர்கள் ஒழுங்காக இருந்தால் எனக்குக் கோபமே வராது.

ஜனவரி 5, ஞாயிறு

சுகந்தி வீட்டுக்குப் போய் வந்தேன். போன வருஷம் எங்களைக் கேட்காமல் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டவள். அன்றைக்கே பேச்சை நிறுத்தினேன். ஐப்பசியில் அவள் முழுகாமல் இருப்பதாகக் குமுதாவுக்குத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு நானாகத்தான் மனசு இறங்கி ஞாயிறுதோறும் போகிறேன். யாரும் கூப்பிடவில்லை. பெற்ற மகள் வீட்டுக்குப் போக அழைப்பு வேண்டுமா?

அரியாங்குப்பம் தாண்டிக் கடலோரக் குப்பத்தில் வீடு. அவள் கட்டிக்கொண்டவன் பி.காம். படித்துவிட்டுப் படகு ஓட்டுகிறான். மீன்பிடித் தொழில்கூட இல்லை. பெங்களூரிலிருந்து வருகிற பணக்காரப் பையன்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போடவைக்கிறான். மீன் மாட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பக் கடலில் விட்டுவிடுவார்களாம். இதற்கு ஒரு பிழைப்பு.

ஜாதி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆபீசில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். இது வேறு. சுகந்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தாகம் இல்லை என்றேன்.

மீட்டர் போர்டைத் திறந்து பார்த்தேன். எர்த் இல்லை. அவன் வீட்டில் இல்லாததால் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். இடது காது அவளுக்குச் சரியாகக் கேட்காது, சின்ன வயதில் காய்ச்சலில் போனது. நான் பேசி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பெரியவர்கள் முன்னால் நிற்கிற மரியாதையாவது மிச்சமிருக்கிறது.

ஜனவரி 12

போய் வந்தேன். எர்த் போட்டிருக்கிறார்கள். கம்பியின் கனம் போதாது. சொன்னேன்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

நல்ல நாளும் அதுவுமாக, வயிற்றைத் தள்ளிக்கொண்டு தரையில் குந்தி அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். என் வீட்டில் ஒரு வெண்டைக்காய் நறுக்கவிட்டதில்லை அவளை. யார் உன்னை இந்த வேலை செய்யச் சொன்னது என்று கேட்டேன். "எனக்குச் சாப்பிடணும் போல இருந்துச்சுப்பா" என்றாள். அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். சட்டியைக் காலால் நகர்த்தினேன். கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. உடையவில்லை, அலுமினியம். மீன்தான் தரையில். கழுவினால் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் வாசலில் வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்கிற கூட்டம். வந்துவிட்டேன்.

ஜனவரி 17

குமுதா பேசவில்லை. தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஜனவரி 28

அவன் போன் செய்தான். இதுவரை செய்ததில்லை.

"சார், இளம்பரிதி பேசறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடலுக்கு வர்றீங்களா? கஸ்டமர் யாரும் இல்ல. நீங்களும் நானும்தான்."

என்னை சார் என்று கூப்பிடுகிறான். மாமா என்று கூப்பிட்டிருந்தால் அறைந்திருப்பேன். சார் என்பதும் பிடிக்கவில்லை.

எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். மீன் பிடிக்கலாம்" என்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைக்கிறேன். வீட்டில் வைத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்கட்டும். அறுபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் கடற்கரைச் சாலையின் கல்லைத் தாண்டி நான் கடலில் கால் வைத்ததில்லை. அது அவனுக்குத் தெரியாது. வருகிறேன் என்றேன். வரவில்லை என்றால் பயம் என்று நினைத்துக்கொள்வான்.

குமுதாவிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்றாள். இத்தனை நாளில் இதுதான் பேசியது.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை. இப்போதும் பேனாவைப் பிடித்தால் வலிக்கிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு அவன் ஊரில் வேறு கதை சொல்லலாம்.

பன்னிரண்டு மணிக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். படகு சின்னது. வெள்ளை ஃபைபர், பின்னால் இரண்டு இன்ஜின், தலைக்குமேல் ஒரு துணிப் பந்தல். உதவிக்கு வருகிறவனுக்கு லீவு கொடுத்துவிட்டதாகச் சொன்னான். மிதவைச் சட்டையை நீட்டினான். ஆரஞ்சு நிறம், யாரோ போட்ட வேர்வை நாற்றம். வேண்டாம் என்றேன்.

"போடலன்னா படகு கெளம்பாது சார்."

"எனக்கு உத்தரவு போடறியா?"

"வர்ற எல்லாருக்கும் சொல்றதுதான்."

போட்டுக்கொண்டேன். முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலை படகை எடுத்து எடுத்து அடித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரை ஒரு கோடாகி, பிறகு அந்தக் கோடும் போய்விட்டது. எந்தப் பக்கம் பாண்டிச்சேரி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. தண்ணீர் நீலம் இல்லை, கறுப்பு. காலையில் சாப்பிட்ட இட்லி சரியில்லை போல, இரண்டு முறை வாந்தி வந்தது. மாவு புளித்திருக்கும். குமுதாவிடம் சொல்ல வேண்டும்.

நான் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் உருண்டு கடலுக்குள் போய்விட்டது. அவன் தன் பாட்டிலை எடுத்து என் பக்கத்தில் வைத்தான். குடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குடித்திருக்க மாட்டேன். வாய் கசந்து கிடந்தது. குடித்தேன்.

வேகத்தைக் குறைத்துவிட்டு, இரண்டு தூண்டில் கம்புகளைப் பின்பக்கம் சொருகி நைலான் நரம்பை விட்டான். முனையில் ரப்பர் மீன்கள், குஞ்சம் வைத்து, சாமி ஊர்வலத்துக்குப் போகிற மாதிரி. அவை படகுக்குப் பின்னால் தத்தித் தத்தி வந்தன. அப்படியே ஊர்ந்துகொண்டிருந்தோம். வெயில் துணியைத் தாண்டி மண்டையில் இறங்கியது. அவன் மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா? உக்கார்ந்து வெயில் காயறதுக்கா?"

"மாட்டட்டும் சார்."

"மாட்டினாலும் திரும்ப விடறதுதானே உங்க லட்சணம்."

அவன் பதில் சொல்வதற்குள் வலது பக்கக் கம்பு வளைந்தது. ரீல் கிறீச்சென்று கத்தியது. நரம்பு போய்க்கொண்டே இருந்தது. அவன் இன்ஜினை அடக்கிவிட்டுப் பாய்ந்து வந்து ஒரு தோல் பட்டையை என் இடுப்பில் கட்டினான். கம்பின் அடியை அதில் இருக்கிற குழியில் ஊன்றி, கொக்கி வைத்த ஒரு வாரை என் மிதவைச் சட்டையிலும் ரீலிலுமாக மாட்டிவிட்டான். "புடிங்க. ரெண்டு கையும். பின்னால சாஞ்சு நில்லுங்க."

எனக்கு வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. கம்பு என்னை இழுத்தது. உள்ளே இருந்தது மீன் மாதிரியே தெரியவில்லை. ஒரு லாரியின் பின்னால் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. தூரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது எழும்பியது. ஆள் நீளத்துக்கு இருக்கும். முதுகில் விசிறி மாதிரி ஒரு துடுப்பு, கத்தி மாதிரி ஒரு மூக்கு. காற்றில் உடம்பை உதறிவிட்டு விழுந்தது. மயில்மீன் என்றான்.

நான் சுற்றினேன். அது இழுத்தது. பத்து சுற்று சுற்றினால் இருபது சுற்றுக்கு நரம்பை வாங்கிக்கொண்டு போனது. தோள் எரிந்தது, கண்ணில் வேர்வை. விடலாமா என்று பார்த்தால் கொக்கியை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் அவன் பேச ஆரம்பித்தான். ஸ்டியரிங் பக்கத்தில், எனக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"சார், சுத்துங்க. நான் பேசறதைக் கேட்டுக்கிட்டே சுத்துங்க. நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வரக் கூடாது."

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"நீங்க வந்துட்டுப் போனா அவ ரெண்டு நாளைக்குச் சாப்பிடறதில்ல. தெருவுல எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்னுடறா. தூக்கத்துலயும் எழுந்து நிக்கறா சார்."

"எம் பொண்ணு. நான் வருவேன். நீ யாருடா கேக்க?"

"கம்ப மேல தூக்குங்க. அவளுக்கு பிரஷர் நூத்தம்பதுக்கு மேல போவுது. ஆறாம் மாசத்துல இவ்ளோ இருக்கக் கூடாதாம். இப்படியே போனா கொழந்தையை முன்னாடியே எடுக்கணும், ரெண்டு பேருக்குமே ஆபத்துன்னாங்க. வீட்டுல யாருக்காவது பயப்படறியாம்மான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இல்லைன்னுட்டா. அவங்க திரும்பி என்னைப் பாத்தாங்க. நான்தான் அடிக்கறேன்னு நெனச்சுட்டாங்க. நான் பேசாம நின்னேன்."

மீன் மறுபடி எழும்பியது. நான் அதைப் பார்க்கவில்லை.

"அவ சொன்னாளா என்னை வரக் கூடாதுன்னு?"

"அவ சொல்ல மாட்டா. சொல்ல முடிஞ்சா உங்களை எதுக்கு இவ்ளோ தூரம் கூட்டிட்டு வர்றேன்? கரையில பேசினா எழுந்து போயிடுவீங்க. அவளா கூப்பிடணும் சார். கூப்பிடற வரைக்கும் வராதீங்க."

"அவளுக்கு என்னடா நான் கொறை வெச்சேன்? காய்ச்சல்ல காது போனப்ப மெட்ராஸ் வரைக்கும் தூக்கிட்டு அலைஞ்சவன் நான்."

"காய்ச்சல்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கீங்க" என்றான். "எனக்கும் அப்படித்தான் சொன்னா. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் அப்படியே சொல்லிட்டிருந்தா. இந்தப் பொங்கலுக்கு நீங்க சட்டிய ஒதைச்சிட்டுப் போனப்புறம்தான் சொன்னா. கணக்கு நோட்டு, ஏழாவது படிக்கறப்ப. ஒரே அறை."

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்வது கடினம். படகு ஆடிக்கொண்டிருந்தது. நான் திரும்பினேன். என் கை எழுந்தது. அது அவன்மேல் பட்டதா, எங்கே பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு கையை விட்டதால் கம்பு மறு கையோடு என்னை இழுத்தது. தொடை படகின் விளிம்பில் இடித்தது. அடுத்தது தண்ணீர்.

கண், மூக்கு, காது எல்லாம் உப்பு. மிதவைச் சட்டை மேலே தூக்கியது, மீன் கீழே இழுத்தது. கத்த வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்தது. அப்புறம் நெஞ்சிலிருந்து ஏதோ தெறித்த மாதிரி இழுப்பு நின்றது. அவன் படுத்துக்கொண்டு கையில் கத்தியோடு எட்டி வாரை அறுத்திருந்தான். கம்பு, ரீல், மீன் எல்லாம் போய்விட்டன. அந்தக் கம்பு வெளிநாட்டுச் சாமான். அவன் சட்டென்று என் கழுத்துப் பட்டையைப் பிடித்தான்.

பிடித்தவன் தூக்கவில்லை. முகத்துக்கு நேராக முகம். அவன் உதடு கிழிந்து ரத்தம் என்மேல் சொட்டியது.

"வர மாட்டேன்னு சொல்லுங்க."

வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினேன்.

"சொல்லலன்னாலும் தூக்குவேன். ஆனா சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவன் காலை ஊன்றி, ஒரு மூட்டையை இழுக்கிற மாதிரி என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டான். நான் மல்லாந்து கிடந்தேன். பந்தல் துணியில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக வெயில்.

திரும்பி வருகிறபோது ஒரு துண்டைத் தூக்கிப் போட்டான். எனக்கு உடம்பு நடுங்கியது, ஈரத்தால்தான். கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது சொன்னான்:

"உங்களை எனக்குப் புடிக்காது சார். மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"எனக்கும் உன்னைப் பிடிக்காது."

"தெரியும்."

துறைமுகத்தில் இறங்கக் கை கொடுத்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 6

குமுதா அங்கே போய் வந்தாள். அவன் உதட்டில் தையல் போட்டிருக்கிறதாம். யார் கேட்டாலும் படகு ஆடினதில் இடித்துக்கொண்டேன் என்கிறானாம். சுகந்தியிடமும் அப்படியே. நான் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

குமுதா இதைச் சொல்லும்போது பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிளம்பினேன். யாருடைய உத்தரவும் எனக்குத் தேவையில்லை. முருங்கப்பாக்கம் வரை போனேன். பெட்ரோல் குறைவாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போகவில்லை. நல்ல வெயில்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போகவில்லை. ஸ்கூட்டர் சைலன்சர் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். "நல்லாத்தானே இருக்கு சார்" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 26

நாளைக்கு வளைகாப்பாம். நம் வழக்கத்தில் பெண் வீட்டில்தான் செய்ய வேண்டும். குப்பத்தில் அவன் அம்மா செய்கிறாள். குமுதா சாயங்காலத்திலிருந்து புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் எலுமிச்சை சாதமும் என்று அடுப்படியில் நிற்கிறாள். என்னை யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு ரங்கசாமி, "என்ன சார், வீட்டுல விசேஷமா, வாசனை ஆளைத் தூக்குதே" என்றார். கோயிலுக்கு என்றேன்.

குமுதாவிடம் கேட்டேன், நான் வர வேண்டுமா என்று. அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசும்போது அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"படகுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது நான்தான்" என்றாள்.

"என்ன?"

"அந்தப் பையன் என்கிட்ட வந்து கேட்டான், எப்படி அத்த இவர்கிட்ட பேசறதுன்னு. கரையில பேசினா எழுந்து போயிடுவாரு, எழுந்து போக முடியாத எடமாப் பாருன்னேன். இத்தனை வருஷமா நான் உங்க முதுகுகிட்டதாங்க பேசிக்கிட்டிருக்கேன்."

நான் எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் அங்கேயே இருந்தாள்.

"அந்தக் கணக்கு நோட்டு அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன்" என்றாள். "தடுக்கல. ஆஸ்பத்திரியில காய்ச்சல்னு நீங்க சொன்னப்ப, ஆமான்னு தலையாட்டினேன். அதை அவ இன்னும் என்கிட்ட கேக்கல. கேப்பா."

சாதம் ஆறிப்போகிறது என்றேன். அவள் எழுந்து போய்த் தூக்குகளில் அடைக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 27

காலையில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். தூக்குகளை நான்தான் ஏற்றினேன். கண்ணாடி வளையல் நான்கு டஜன் வாங்கி வைத்திருந்தேன், பச்சையும் சிவப்பும். யார் வாங்கியது என்று சொல்ல வேண்டாம் என்றேன். குமுதா வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வந்து, "போட்டுக்கிட்டா" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மார்ச் 4

குமுதா அங்கே தங்கப் போய்விட்டாள், பிரசவம் ஆகும் வரை. சுகந்திக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். எனக்குச் சாதம் குழைந்துவிட்டது. ரசம் வைக்கத் தெரியவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மார்ச் 9

போகவில்லை. முழங்கால் வலி.

மார்ச் 16

போகவில்லை. மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

மார்ச் 27

காலை பத்து மணிக்குக் குமுதா போன் செய்தாள். சுகந்திக்குப் பிரஷர் ஏறி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாளாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எட்டாம் மாசம்தான், ஆனாலும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடப் போகிறார்களாம். குமுதாவின் குரல் உடைந்திருந்தது. "நீங்க..." என்று ஆரம்பித்துவிட்டு வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் போனேன். ஸ்கூட்டரை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசலில் யார் யாரோ போகிறார்கள், வருகிறார்கள். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே விட்டுவிடுவான். என் சர்வீசில் அந்த ஆஸ்பத்திரிக்கு டிரான்ஸ்பார்மர் போட்டவனே நான்தான். போகவில்லை. டீ குடித்தேன். வெயில் பெஞ்சுக்கு வந்தபோது மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். கடைக்காரர், "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன்.

மத்தியானத்துக்குமேல் அவன் வெளியே வந்தான். கையில் பிளாஸ்க். தலை கலைந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கடைக்காரரிடம் பிளாஸ்க்கை நீட்டும்போதுதான் என்னைப் பார்த்தான். மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு வெள்ளையாக இருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"டீ குடிக்க வந்தேன்."

அவன் ரோட்டைப் பார்த்தான். என் ஸ்கூட்டரைத் தேடினான் என்று நினைக்கிறேன்.

"பொண்ணு" என்றான். "ஒன்றரை கிலோதான் இருக்கு. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. மூச்சு தானாவே விடுது. பொழைச்சுக்கும்னு சொல்றாங்க."

"அவ?"

"பிரஷர் எறங்கிடுச்சு. கண்ணைத் தொறந்துட்டா. அத்த பக்கத்துல இருக்காங்க."

எனக்கு டம்ளரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. பெஞ்சில் வைத்தேன். கடைக்காரர் பிளாஸ்க்கை நிரப்பி மூடியைத் திருகிக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான்.

"மேல வர்றீங்களா?" என்றான். சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. குரலில் தெரிந்தது.

"அவ கூப்பிட்டாளா?"

அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ரோட்டைத் தாண்டிப் படியேறியிருப்பேன். அவன் பிளாஸ்க்கைப் பார்த்தான். அப்புறம் என்னை நேராகப் பார்த்தான்.

"இல்ல."

"அப்ப நீ போ. டீ ஆறிடும்."

இளம்பரிதி ரோட்டைத் தாண்டினான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், நான் எழுந்து வருகிறேனா என்று பார்க்கிற மாதிரி. நான் உட்கார்ந்தே இருந்தேன். அவன் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் பிடித்தேன்.

மார்ச் 28

குமுதா போன் செய்தாள். குழந்தை பால் குடிக்கிறதாம், பஞ்சில் நனைத்துக் கொடுக்கிறார்களாம். மூக்கு என் மூக்காம். பிறகு, "வந்து பாத்துட்டுப் போங்க, நான் சொல்றேன்ல" என்றாள்.

நீ சொன்னால் போதாது என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். சுகந்தியின் இருமல் எனக்குத் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு

கூப்பிடவில்லை. போகவில்லை.